எடைமேடை

காலி லாரி பதினெட்டு டன்.
நிறைந்த லாரி ஐம்பத்திரண்டு.
நடுவில் உள்ளதை எழுதுவது என் வேலை.

பிக்கிடாவில், சுரங்கத்தின் இரண்டாம் வாசலில்
ஒரு தகரக் கூண்டு.
ஒரு ஜன்னல், ஒரு திரை, இரண்டு பேரேடுகள்.
வெளியே போவதற்குத் தடித்தது.
உள்ளே வருவதற்கு மெலிந்தது.

முன்பு கல்லாகப் போயிற்று.
கல்லாகப் போகக்கூடாதென்று ஹராரேயில் சட்டம் போட்டார்கள்.
இப்போது மாவாகப் போகிறது.
மூட்டை ஒரு டன், சோளமாவைவிட வெளுப்பு,
தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டே
பெய்ரா துறைமுகம்வரை.
அங்கிருந்து கப்பல்.
அப்புறம் எங்கோ ஓர் ஊரில்
சத்தமே போடாத கார் ஆகிவிடுமாம்.
கூண்டுக்குப் பின்னால் எங்கள் டீசல் ஜெனரேட்டர்
இதைக் கேட்டுக்கொண்டு இருமுகிறது.

செப்டம்பரில் முசாசா மரங்கள் சிவப்பாகத் துளிர்க்கும்.
சாலையோரத்து மரங்களுக்கு அந்த நிறம்
இரண்டு நாள்தான்.

ஓர் இரவு, லாரி வராத நேரத்தில்
செருப்பைக் கழற்றிவிட்டு
நானே மேடையில் ஏறினேன்.
சக்கரங்கள் நிற்கும் இடத்தில் நின்று
ஓட்டுநர்களுக்கான சிவப்பு எண்பலகையை அண்ணாந்து பார்த்தேன்.
அறுபது.

நான் அறுபத்தேழு கிலோ.
இந்த மேடைக்கு
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
மிச்சம் ஏழு கிலோ எது?
என் கையா? தலையா?
இன்று மத்தியானம் தின்ற சாட்ஸாவா?

மறுநாள் மேலாளர் மஷிங்காய்ட்சேயிடம் கேட்டேன்,
என்னைப் பற்றி அல்ல, லாரிகளைப் பற்றி.
"கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும்,
மாதக் கடைசியில் சரியாகிவிடும்."
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
சம்பள வாரம் அது.

பிறகு கமுச்சிராய் வந்தாள்.
அந்தப் பெயருக்கு, பெற்றுக்கொள்ளுங்கள் என்று பொருள்.
பேருந்து நிறுத்தத்தில் செல்போன் பழுது பார்ப்பவள்.
மஸ்விங்கோ காயலான் கடையில்
செத்துப்போன மூன்றுசக்கர வண்டி பேட்டரிகளை
இரும்பு விலைக்கு வாங்கிப் பிளந்து,
செல் செல்லாக மீட்டர் வைத்து,
மூச்சு இருப்பதைப் பொறுக்கி
பீர் கிரேட்டில் அடுக்கியிருந்தாள்.
தள்ளுவண்டியில் அது,
மேலே குழந்தையின் பழைய போர்வை.

"வொங்காய், இதை நிறுத்துச் சொல்.
மருத்துவமனைப் பரண் ஐம்பது கிலோதான் தாங்குமாம்."

அங்கே கூரையில் சூரியத் தகடு இருக்கிறது.
தடுப்பூசிப் பெட்டியும் இருக்கிறது.
பகலை ராத்திரிக்கு எடுத்து வைக்கும் பேட்டரிதான்
போன மழைக்காலத்தில் உயிரை விட்டது.

மேடை நாற்பது என்றது.
முப்பத்தொன்றாக இருக்கலாம்,
நாற்பத்தொன்பதாகவும் இருக்கலாம்.
பரண் தாங்கும்.

மேடையில் ஏறிய சரக்கு எதுவும்
எழுதப்படாமல் போகக்கூடாது. விதி.
மெலிந்த பேரேட்டைத் திறந்தேன்.
டீசல். டயர். சிமெண்ட். டீசல்.
கையுறை, ஒரு பெட்டி. டீசல்.
அதற்குக் கீழே எழுதினேன்:
லித்தியம். வரவு. நாற்பது கிலோ.

முதல் இரவு மூன்று மணிக்கே நின்றுவிட்டது.
ஒரு செல் பொய் சொல்லியிருக்கிறது என்றாள்.
கண்டுபிடித்துக் கழற்றினாள்.
இரண்டாம் இரவு நாலே முக்கால்.
மூன்றாம் நாள் எனக்குப் பகல் முறை;
போகிற வழியில் எட்டிப் பார்த்தேன்.
தாதி தன் பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்:
காலை ஆறு மணி, ஐந்து டிகிரி.
எங்கள் மேடையைப்போல அல்லாமல்
ஒன்று ஒன்றாக எண்ணத் தெரிந்த
சின்னக் கண்ணாடிக் குழாய்.

மாதக் கடைசியில் மஷிங்காய்ட்சே
அந்த வரியில் விரலை வைத்தார்.
"இதென்ன?"
"வந்தது."
"லித்தியமா? எங்கிருந்து?"
"இங்கிருந்து போனதுதான், சுற்றிக்கொண்டு."

ஸ்கேலை எடுத்தார்.
சிவப்புப் பேனா எழுதவில்லை.
உதறினார், ஊதினார், மறுபடி உதறினார்.
வெளியே ஹாரன்.
அடுத்த லாரி.
பதினெட்டு.